இயந்திரம் சொல்லும் சாட்சியம்

கொடுத்தவரும் வாங்கியவரும் வழக்கிட்டுக்கொண்டால், பேரேட்டைக் கொண்டுவந்து இருவர் நடுவே விரித்து வைப்பது நம் முன்னோர் கண்ட வழி. எழுதிய கை எது, திருத்திய கை எது, மை பழையதா புதிதா என்பதையெல்லாம் நடுவர்கள் தம் கண்ணாலேயே கண்டறிந்தனர். கணக்குப்பிள்ளையை அழைத்து, இந்த வரி இங்கு ஏன் வந்தது என்று கேட்டனர். அவர் தடுமாறினால் அந்தத் தடுமாற்றமும் ஒரு சான்றாயிற்று.

இன்று கணக்கு எழுதுவது கணிப்பொறி. நாம் பணம் கட்டுவது ஓர் ஊரில். அது பதியப்படுவது வேறோர் ஊரில். அதன் பேரேட்டை நடுவில் விரித்து வைக்க இயலாது. அதனைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும் இயலாது. அதற்குப் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது என்பது உண்மையே. ஆயினும் அது தவறாகச் சொல்லக்கூடும். அவ்வாறு தவறாகச் சொன்னதை நம்பி, ஒரு மனிதரைத் திருடர் எனத் தீர்ப்பிடலாமா? இயந்திரம் தவறியது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? குற்றஞ்சாட்டப்பட்டவரா, இயந்திரத்திற்கு உரியவரா?

இக்கேள்விக்குத் தவறான விடை கண்டதால் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சீர்குலைந்தன. அவ்வரலாறு நமக்கும் நல்லதொரு பாடமாதலின், அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஊர் நம்பிய மனிதர்கள்

பிரிட்டனின் சிற்றூர்களில் அஞ்சலகம் என்பது பெரும்பாலும் ஒரு பலசரக்குக் கடையின் மூலையில் அமைந்த சிறு கூண்டுதான். தபால்தலை வாங்கவும், முதியோர் உதவித்தொகை பெறவும், சிறுசேமிப்புப் பணம் கட்டவும் ஊரார் அங்கே வருவர். அதனை நடத்தும் துணை அஞ்சலதிபர் சம்பளம் பெறும் ஊழியர் அல்லர். தம் சொந்தச் சேமிப்பையோ கடன் பணத்தையோ போட்டுக் கடையை வாங்கி, அஞ்சல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். கணக்கில் பணம் குறைந்தால் அதைத் தம் கைப்பொருளிலிருந்து ஈடுசெய்யவேண்டும் என்று அவ்வொப்பந்தத்தைக் காட்டி நிறுவனம் வற்புறுத்திவந்தது.

1999-ஆம் ஆண்டு தொடங்கி, இவ்வஞ்சலகங்கள் அனைத்திலும் 'ஹொரைசன்' எனும் கணிப்பொறிக் கணக்குமுறை நிறுவப்பட்டது. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஐ.சி.எல். அதனை அமைத்துக் கொடுத்தது. அது வந்த சிறிது காலத்திற்குள்ளாகவே நாட்டின் பல பகுதிகளிலும் விளங்காத குறைவுகள் தோன்றலாயின. பெட்டியில் இருக்கும் பணத்தைக் காட்டிலும் கூடுதலாக இருக்கவேண்டும் என்று திரை சொல்லியது.

கணக்கு முடிக்கும் நாளில் துணை அஞ்சலதிபர் எந்நிலையில் இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். திரை காட்டும் தொகைக்கும் கையிருப்புக்கும் 2,000 பவுண்டு வேறுபாடு. எங்கே தவறு என்று தேட அவரிடம் ஆவணம் ஏதும் இல்லை, எல்லாம் இயந்திரத்தினுள்ளே. கணக்கு ஒத்துவருகிறது எனப் பதிவு செய்தாலன்றி மறுநாள் தொழில் நடவாது. எனவே சிலர் தம் பணத்தைப் போட்டு நிரப்பினர். நிரப்ப வழியில்லாதோர், என்றாவது சரியாகும் என்னும் நம்பிக்கையில், ஒத்துவருவதாகவே பதிந்தனர். அவ்வாறு பதிந்ததே பின்னர் 'பொய்க்கணக்கு எழுதினார்' என்னும் குற்றச்சாட்டிற்கு அடிப்படையாயிற்று.

ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் சவுத் வார்ன்பரோ என்னும் சிற்றூரில் கடை நடத்திய ஜோ ஹாமில்டன், கணக்கில் 2,000 பவுண்டு குறைவதைக் கண்டு உதவித் தொலைபேசியை நாடினார். அவர்கள் சொன்னவாறே செய்தார். அவர் கண்முன்னே குறைவு 4,000 ஆயிற்று. இறுதியில் 36,000 பவுண்டு திருடியதாக அவர்மீது வழக்கு வந்தது. பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தையும் கட்டினால் திருட்டுக் குற்றச்சாட்டு கைவிடப்படும் என்றனர். சிறைக்கு அஞ்சி அவர் ஒப்புக்கொண்டார். வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். அவர் திருடவில்லை என்பதை ஊரார் அறிந்திருந்தனர். தீர்ப்பு நாளன்று எழுபதுக்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்திற்கு உடன் வந்து நின்றனர்.

கடலோர நகரமான பிரிட்லிங்டனில் கடை வைத்திருந்த லீ காசில்டன் உதவித் தொலைபேசியை 91 முறை அழைத்தார். குறைவு ஏறக்குறைய 25,000 பவுண்டு. நிறுவனம் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் வைக்க வசதியின்றி அவர் தாமே வாதாடினார். கணக்கில் கையொப்பமிட்டவர் அவரே. ஆதலின் அது தவறு என மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே என்றாயிற்று. 2007-இல் அவர் தோற்றார். எதிர்த்தரப்பின் செலவுத் தொகையாக 321,000 பவுண்டு அவர் தலைமேல் விழ, அவர் திவாலானார்.

இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா, சரே மாவட்டத்தின் வெஸ்ட் பைஃபிளீட் என்னுமிடத்தில் அஞ்சலகம் நடத்தியவர். அவர்மீது சாட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 74,000 பவுண்டு. கணிப்பொறியின் கோளாறே இது என்று அவர் இறுதிவரை வாதாடினார். அதனை ஆராய்வதற்கான பதிவுகளை அவர் தரப்பினர் மீண்டும் மீண்டும் கேட்டனர், கிடைக்கவில்லை. 2010 நவம்பரில் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அவரோ இரண்டாம் குழந்தையைக் கருவுற்றிருந்தார். சிறையிலிருந்து வெளிவந்தபின் அக்குழந்தையைப் பெற்றெடுத்தபோது, அவரது காலில் கண்காணிப்புக் கருவி கட்டப்பட்டிருந்தது.

இவர்கள் மூவர் மட்டுமல்லர். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிடப்பட்டனர். உதவி கேட்டு அழைத்தோர் பலருக்கும், 'இத்தகைய தொல்லை உமக்கு மட்டுந்தான்' என்ற விடையே கிடைத்தது. தம்மைப்போல் வேறொருவர் உண்டென்பதை அறியாமல், ஒவ்வொருவரும் தனித்தே நின்றனர்.

பிழை எங்கே இருந்தது?

கணிப்பொறி கூட்டலில் தவறுமா என்று கேட்போர் உண்டு. கூட்டலில் தவறாது, எதனைக் கூட்டுகிறது என்பதில் தவறும். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் 2015-இல் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. வேறு கிளையிலிருந்து வந்த 8,000 பவுண்டுப் பணப்பையை ஊழியர் ஒருவர் பதிய முயன்றார். திரை அசையாமல் நின்றது. பொத்தானை மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். அழுத்திய ஒவ்வொரு முறையும் 8,000 பவுண்டு வந்ததாக உள்ளே பதிவாகிக்கொண்டிருந்தது. நான்கு முறை பதிவானதால், வந்தது ஒரு பையாயினும் கணக்கில் 24,000 பவுண்டு குறைவு காணப்பட்டது. இத்தகைய பிழைகள் பல ஆண்டுகளாகவே வெவ்வேறு வடிவில் இருந்துவந்தன என்பதும், அவற்றைக் குறித்துவைக்கும் ஒரு பிழைப் பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது என்பதும் பின்னர் வெளியாயின.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. கிளையின் கணக்கைத் துணை அஞ்சலதிபரைத் தவிர வேறெவரும் தொலைவிலிருந்து மாற்ற இயலாது என்று நிறுவனம் பன்முறை சொல்லிவந்தது. ஃபுஜிட்சுவின் ஊழியர்களால் மாற்ற இயலும் என்பது பின்னாளில் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. வேறொருவர் கைவைக்கக்கூடிய பேரேட்டை வைத்துக்கொண்டு, குறைவுக்கு நீரே பொறுப்பு என்று சொல்வது எத்தகைய நீதி?

சட்டம் திறந்துவிட்ட வாசல்

இயந்திரத்தில் பிழை இருப்பது வியப்பன்று. அப்பிழை நீதிமன்றத்தில் ஏன் வெளிப்படவில்லை என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச்சான்றுச் சட்டத்தில் 69-ஆம் பிரிவு என ஒன்றிருந்தது. கணிப்பொறியிலிருந்து பெற்ற ஆவணத்தைக் குற்றவழக்கில் சான்றாகக் காட்டுவோர், அக்கணிப்பொறி சரிவர இயங்கியதெனக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். எளிய வழக்குகளுக்கும் இது வீண்சுமையாயிற்று என்ற குறை எழுந்தது. சட்ட ஆணையம் 1997-இல் அதனை நீக்கப் பரிந்துரைத்தது. 1999-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அதனை நீக்கியது. அதன்பின், ஓர் இயந்திரம் சரியாகவே இயங்கியது என்று முதலில் கொள்ளவேண்டும், மறுப்போரே சான்று காட்டவேண்டும் என்ற பழைய பொது விதி மீண்டும் ஆட்சிக்கு வந்தது. ஹொரைசன் நாடெங்கும் பரவிய காலமும், இக்காவல் நீங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே.

கடிகாரத்தைப் பற்றியும் சாலை விளக்கைப் பற்றியும் எண்ணி வகுத்த விதி அது. கடிகாரம் தவறினால் மற்றொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டு அறியலாம். வழியே போகும் எவரும் அதைச் செய்யலாம். இலட்சக்கணக்கான வரிகளாலான கட்டளைகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான கிளைகளை இணைக்கும் ஒரு கணக்குமுறையை எதனோடு ஒப்பிடுவது? அதன் உள்ளே பார்க்க வல்லவர் அதற்கு உரியவர் மட்டுமே. 'பிழை இருந்ததற்குச் சான்று காட்டு' என்று குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் சட்டம் கேட்டது. அச்சான்றோ, குற்றஞ்சாட்டியவர் பக்கத்தில் பூட்டப்பட்டிருந்தது.

மதுரையில் கோவலனுக்கு நேர்ந்ததும் இத்தகையதே அன்றோ? பொற்கொல்லன் சொல் ஒன்றையே அரசன் நம்பினான். அச்சிலம்பினுள் இருந்தவை அரசியின் முத்துகளா, கண்ணகியின் மாணிக்கங்களா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் அது உடைக்கப்பட்டது கோவலன் கொலையுண்ட பின்னரே.

இங்கு மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் தனியாரும் குற்றவழக்குத் தொடரலாம். அஞ்சல் நிறுவனம் அவ்வுரிமையைப் பயன்படுத்தியது. தண்டனை பெற்றோருள் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அந்நிறுவனமே. பணம் போயிற்று என்று முறையிட்டவரும் அவரே; புலனாய்வு செய்தவரும் அவரே; வழக்கு நடத்தியவரும் அவரே. தம் இயந்திரத்தின் குறையைத் தாமே தேடி எடுத்து எதிரியின் கையில் கொடுக்க வேண்டிய கடமையும் அவருக்கே இருந்தது. அக்கடமை நிறைவேற்றப்படவில்லை.

உண்மை வெளிவந்த வகை

வேல்ஸ் நாட்டின் லாண்டுட்னோ நகரில் கடை நடத்திய ஆலன் பேட்ஸ், விளங்காத குறைவுக்குப் பணம் கட்ட மறுத்தார். 2003-இல் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. 2009-இல் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்னும் இதழ், பாதிக்கப்பட்ட எழுவரின் நிலையை வெளியிட்டது. அவ்வாண்டே ஃபென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் மண்டபத்தில், பேட்ஸ் முன்னின்று அழைக்க, பலர் ஒன்றுகூடினர். 'எனக்கு மட்டுந்தான்' என்று நினைத்திருந்தோர், தம் கதையைப் பிறர் வாயால் கேட்டனர்.

பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்கிட்டனர். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், அவை கிளைக் கணக்குகளில் குறைவுகளை உண்டாக்கவல்லவை என்றும் தீர்ப்பளித்தார். சமரசத் தொகையாக 57.75 மில்லியன் பவுண்டு கிடைத்தது. அதிற் பெரும்பகுதி வழக்குச் செலவிற்கே போயிற்று.

2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அவர்களுள் அடங்குவர். அவர்களுள் மூவர், தம் பெயர் தூய்மையாவதைக் காணாமலே இறந்துவிட்டிருந்தனர். 2024 ஜனவரியில் இவ்வரலாற்றைத் தொலைக்காட்சி நாடகமாகக் கண்ட பிரிட்டன் மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, எஞ்சிய நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒருங்கே நீக்கியது. நீதிமன்றத் தீர்ப்புகளைப் பாராளுமன்றம் இவ்வாறு மொத்தமாக நீக்குவது எளிதில் நிகழாத ஒன்று.

சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வெளிவந்தது. இத்துயரின் காரணமாகப் பதின்மூன்று பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று அது கூறுகிறது. எத்தனை இழப்பீடு கொடுத்தாலும் அக்குடும்பங்களுக்கு எதனைத் திருப்பித் தர இயலும்? கணிப்பொறிச் சான்று பற்றிய விதியை மாற்றலாமா என்று, 2025-இன் தொடக்கத்தில், பிரிட்டன் அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்டது.

நம் நாட்டுச் சட்டத்தில்

இங்கிலாந்தின் இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. நம் சான்றுச் சட்டத்திற்கும் ஆங்கிலேயச் சட்டத்திற்கும் நெருங்கிய உறவுண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தில் 65பி என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. அதன் முக்கிய பகுதி, இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டு உரிமையியல் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றியது. இங்கிலாந்து அப்பகுதியை 1995-லேயே கைவிட்டுவிட்டது. நாமோ அதன்பின் அதனை ஏற்றுக்கொண்டோம்.

அப்பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் காட்டுவோர், கணிப்பொறி சரிவர இயங்கியது முதலான செய்திகளைச் சொல்லும் சான்றிதழ் ஒன்றை உடன் தரவேண்டும். கேரளத் தேர்தல் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2014-இல் இதனை வலியுறுத்தியது. 2020-இல் மீண்டும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், தன் 63-ஆம் பிரிவில் இம்முறையைத் தொடர்கிறது. பதிவைத் தருபவர் ஒரு பகுதியும், வல்லுநர் ஒருவர் மற்றொரு பகுதியுமாகச் சான்றிதழை நிரப்பவேண்டும் என்பது அதில் வந்த புதுமை.

இது நல்ல காவலே. ஆயினும் சான்றிதழ் என்பது ஒரு கதவு மட்டுமே. தரப்பட்ட பதிவு இடையில் திருத்தப்படவில்லை என்று அது சொல்லக்கூடும். அப்பதிவை உண்டாக்கிய கணக்குமுறையினுள்ளே பிழை இருந்ததா என்பதை, பிழைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி ஆராய்ந்தாலன்றி எவரும் சொல்ல இயலாது.

பொறுப்பை யார்மீது சுமத்தவேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி ஒன்றுண்டு. வாடிக்கையாளர் அறியாமல் அவர் கணக்கிலிருந்து மின்னணு வழியாகப் பணம் போய்விட்டால், பொறுப்பு வாடிக்கையாளருடையதே என்று மெய்ப்பிக்கும் சுமை வங்கியையே சாரும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. இயந்திரத்தைத் திறக்க வல்லவர் எவரோ அவரே அதற்கு விடை சொல்லவேண்டும் என்னும் அறம் இதில் அடங்கியுள்ளது. சிறுதொகைக்காக வங்கியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இவ்வறம், ஒருவருடைய விடுதலையும் மானமும் ஊசலாடும் குற்றவழக்கில் இன்னும் வலுவாக நிற்கவேண்டாமா?

நாம் செய்யத்தக்கவை

கடையிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் கணிப்பொறியோடு நாள்தோறும் பழகும் குடும்பத்தினர் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும்.

பணம் கையாளும் வேலையில் இருப்போர், இயந்திரத்தில் பதிவாகிறதே என்று அசட்டையாயிராமல், தம் கைக்கணக்கு ஒன்றையும் அன்றன்று எழுதிவருதல் நன்று. ரசீதுகளைப் பாதுகாக்கவேண்டும். கணக்கில் வேறுபாடு கண்டால், வாய்மொழியாக மட்டும் சொல்லாமல், நாளும் நேரமும் குறித்து எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளவேண்டும். ஒத்துவராத கணக்கில், ஒத்துவருகிறது என்று ஒருபோதும் கையொப்பமிடலாகாது. இட்டே தீரவேண்டிய நிலை வந்தால், மறுப்பை எழுதியே இடவேண்டும். வழக்கென்று வந்துவிட்டால், சான்றிதழோடு அமையாமல், அந்தக் கணக்குமுறையைப் பற்றி அதுவரை வந்த முறையீடுகளையும் பிழைப் பதிவேட்டையும் நீதிமன்றத்தின் வாயிலாகக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லவேண்டும்.

மேற்பார்வைப் பொறுப்பில் இருப்போருக்கும் ஒரு சொல். ஒரே குறையை ஊர்தோறும் வெவ்வேறு மனிதர்கள் சொன்னால், இத்தனை பேரும் ஒரே சமயத்தில் திருடராயினர் என்று எண்ணுவதா, ஓர் இயந்திரம் பழுதாயிற்று என்று எண்ணுவதா? அஞ்சல் நிறுவனத்தில் இக்கேள்வியைக் காலத்தில் கேட்டிருந்தால், நூற்றுக்கணக்கானோர் கூண்டில் ஏறியிருக்கமாட்டார்கள்.

அண்டை வீட்டாரான நமக்கும் கடமை உண்டு. நெடுநாள் பழகிய ஒருவர்மீது கணிப்பொறியின் ஒரு வரி பழி சுமத்தும்போது, அவ்வரியை நம்பி அவர் வாசலை மிதியாமல் விலகிவிடுவது எளிது. சவுத் வார்ன்பரோ மக்கள் அவ்வாறு விலகவில்லை. சட்ட நுணுக்கமோ கணிப்பொறி அறிவோ அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பல்லாண்டு தம்மோடு வாழ்ந்த ஒரு பெண்ணை அவர்கள் அறிந்திருந்தனர். அதனால் நீதிமன்றத்தில் அவர் பக்கம் வந்து நின்றனர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், நீதிமன்றமும் அவர்கள் அறிந்திருந்ததையே சொல்லியது.